பாயும் சுக்கானும்



மலையடிவாரத்தில் குடியிருப்போர் படகைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சித்தூரைச் சுற்றி மாந்தோப்புகள் உண்டு. நிலக்கடலைக் கொல்லைகள் உண்டு. பாறைக் குன்றுகளும் அவற்றின் அடியில் ஏரிகளும் உண்டு. கடல் இல்லை. திருப்பதியில் நீர் என்றால் நம் நினைவுக்கு வருவன கபில தீர்த்தத்து அருவி, திருமலையின் சுவாமி புஷ்கரிணி, மழை பெய்தால் பெருகும் பொன்முகலி ஆகியவையே. சுவர்ணமுகி என்று இங்கு வழங்கும் ஆற்றைத்தான் நம் முன்னோர் பொன்முகலி என்றனர்.

எனினும், இந்த மண்ணுக்கும் படகுக்கும் தொடர்பில்லை என்று கூறிவிட இயலாது. இரண்டு தொடர்புகள் உள்ளன. ஒன்று தெப்பம், மற்றொன்று பழவேற்காட்டு ஏரி.

முதலில் தெப்பத்தைக் காண்போம். ஆண்டுதோறும் பால்குனத் திங்களில், முழுநிலவு நாளில் நிறைவுறுமாறு, திருமலையில் ஐந்து நாள் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. முதல் நாள் சீதை, இலக்குவனுடன் இராமபிரானும், இரண்டாம் நாள் உருக்குமணியுடன் கண்ணபிரானும், எஞ்சிய மூன்று நாள்களும் தேவியருடன் மலையப்ப சுவாமியும் தெப்பத்தில் எழுந்தருளுவர். புஷ்கரிணியின் நடுவே நிற்கும் நீராழி மண்டபம் 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் எழுப்பியதாகும். இங்கு வாழும் தமிழர் வீட்டுக் குழந்தைகள் முதன்முதலில் காணும் மிதவை பெரும்பாலும் இத்தகைய தெப்பமே. தெப்பத்துக்குப் பாய் இல்லை, சுக்கான் இல்லை, முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடும் பெரிதாக இல்லை. இழுத்த பக்கம் அது செல்லும். மண்டபத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட படித்துறையையே சேரும். காற்று எத்திசையில் வீசினாலும் தெப்பத்துக்குக் கவலையில்லை. பாய்மரப் படகின் கதை இதனின்றும் வேறானது. காற்றை நம்பியே அது பிறந்தது. ஆயினும் காற்று சொல்லும் இடத்துக்கெல்லாம் அது போவதில்லை. இந்த இரண்டையும் ஒருங்கே இயலச் செய்வன அதன் உறுப்புகள். அவற்றைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

பழவேற்காட்டு ஏரி நமக்கு அயலானதன்று. பிச்சாட்டூர் வழியே பாயும் ஆரணியாறும், சூளூர்ப்பேட்டை வழியே வரும் காளங்கியாறும் அதில்தான் கலக்கின்றன. இந்நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே மணல்தீவாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திர மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, பழைய நெல்லூர் மாவட்டத்தின் சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டாப் பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஏழுமலையான் திருப்பதி அன்று கடற்கரையுள்ள மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இன்று ஸ்ரீஹரிகோட்டா என்றதும் விண்ணிற் செல்லும் ஏவுகணையே எவர்க்கும் நினைவுக்கு வரும். அதற்கு முன் அத்தீவு சென்னை நகரத்துக்கு விறகு கொடுத்த காடாக இருந்தது. அவ்விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளிற் சென்றது. 1806ஆம் ஆண்டு தொடங்கிச் சிறிது சிறிதாக வெட்டப்பட்டு, 1877-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக மேலும் நீட்டப்பட்டு, அக்காலத்து ஆளுநரின் பெயரைப் பெற்ற கால்வாய் அது. காற்று துணை செய்தபோது படகோட்டிகள் பாய் விரித்தனர். துணை செய்யாதபோது கோலூன்றினர். அதுவும் போதாதபோது கரையில் இறங்கி நடந்து கயிற்றால் படகை இழுத்தனர். பாய் விரித்த நாளில் அவர்களுடைய தோள்களுக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. திருப்பதியில் வாழும் நண்பர்கள் நாங்கள் நால்வர், மார்கழி மாதத்தில் பூநாரைகளைக் காணும் ஆவலால் காளத்தி, நாயுடுப்பேட்டை வழியாகப் பேருந்தில் ஏரிக்கரைக்குச் சென்றோம். கரையில் இயந்திரப் படகுகள் இருந்தன. அவற்றின் இரைச்சல் பறவைகளை எழுப்பிவிடுமே என்று கருதி, பாய் கட்டிய சிறு படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். படகோட்டி ஐம்பது வயதினர். உடன் அவருடைய பேரன். வயது பத்துக்கு மேல் இராது. படகோட்டி பின்புறம் அமர்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டார். பையன் முன்புறம் சென்று நீரின் ஆழத்தைக் கோலால் பார்த்து வந்தான். பாயின் கீழ் மூலையிலிருந்து வந்த கயிற்றை எங்களுள் ஒருவரிடம் கொடுத்து, "இதைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார் படகோட்டி. நண்பரும் பெருமையோடு வாங்கிக்கொண்டார்.

நண்பகல் வரை ஏரி கண்ணாடிபோல் இருந்தது. பிறகு கடற்காற்று எழுந்தது. திடீரென்று வலுத்த காற்று பாயில் மோத, படகு ஒருபுறம் சாய்ந்தது. "கயிற்றை விடுங்கள்!" என்று கூவினார் படகோட்டி. அஞ்சியவன் கையிலுள்ளதை விடுவானா? நண்பர் அக்கயிற்றை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினார். மற்றொருவர், படகோட்டி வேறு ஏதோ ஒரு கயிற்றைச் சொல்கிறார் என்று கருதி, பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். படகு மேலும் சாய்ந்தது. விளிம்பின் மேலாக நீர் உள்ளே புகுந்தது. எங்கள் கட்டுச்சோற்று மூட்டை மிதந்தது. அப்பொழுது அந்தப் பையன் எங்கள் கால்களுக்கிடையே தவழ்ந்து வந்து, நண்பரின் விரல்களைப் பிரித்துக் கயிற்றை உருவி விட்டான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நிமிர்ந்தது. அனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன.

நீரை இறைத்து ஊற்றும்போது பையன் நண்பரிடம் சொன்னான்: "பெரியப்பா, இதைக் கட்டவும் கூடாது, கெட்டியாகப் பிடிக்கவும் கூடாது. விடுவதற்காகத்தான் பிடித்திருக்க வேண்டும்."

எங்கள் நால்வருள் இருவர் பட்டதாரிகள். ஒருவர் பள்ளி ஆசிரியர். சங்க நூல்களில் வரும் நாவாயையும் வங்கத்தையும் பற்றி மேடையேறிப் பேசக்கூடியவர்கள். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே பணிகொண்டு கடலில் கலம் செலுத்தினான் என்ற புறநானூற்றுச் செய்தியை, அதைப் பாடிய வெண்ணிக்குயத்தியாரின் பெயரோடு சொல்ல எங்களுக்குத் தெரியும். ஆனால் எதிரே கிடந்த மூன்று கயிறுகளுள் எது எதற்கென்று தெரியவில்லை. அந்த அறியாமை எங்களை நீரில் கவிழ்த்திருக்கும். ஏரியின் ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே என்பது உண்மை. ஆனால் சேற்றில் கால் புதைந்து, மேலே ஈரப்பாய் கவிழ்ந்துவிட்டால், இடுப்பளவு நீரும் ஆளைக் கொல்லும்.

கரை திரும்பும் வரை அந்தப் பையனே எங்களுக்கு ஆசிரியன். அவன் தமிழும் தெலுங்கும் கலந்து சொல்லியதைப் பின்னர் கேட்டும் படித்தும் தெளிந்த செய்திகளோடு சேர்த்து இங்கே ஒழுங்குபடுத்திக் கூறுகிறோம்.

படகின் உடலிலிருந்து தொடங்குவோம். நீரைப் பிளந்து செல்லும் கூரிய முன்பகுதிக்கு அணியம் என்று பெயர். அடியில், முன்னிருந்து பின்வரை முதுகெலும்பு போல் ஓடும் மரம் ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகளாக எழுவன வங்குகள். அவற்றின்மேல் பலகைகள் பொருத்தப்படுகின்றன. பெரிய கலங்களுக்கு இவையெல்லாம் உண்டு. ஏரிப் படகுக்கும் சிறுவர் பயிலும் படகுக்கும் அடி தட்டையாகவே இருக்கலாம். கட்டுமரத்துக்கோ வங்கும் இல்லை, பலகையும் இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டியதே அதன் உடல். அந்தத் தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. பெயர் நம்முடையது, அது குறிக்கும் பொருள் மாறிவிட்டது.

உடலின்மேல் நிமிர்ந்து நிற்பது பாய்மரம். பழந்தமிழர் இதைக் கூம்பு என்றனர். பாயைத் தாங்கிக் குறுக்காகவோ சாய்வாகவோ நிற்கும் கழி பருமல். பாயை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் பாய்மரத்தை ஒட்டி ஓடுகிறதே, அது ஒரு கயிறு. எங்கள் நண்பர் அவிழ்க்க முற்பட்டது அதைத்தான். பாயின் முன்மூலையைப் படகோடு பிணைத்து நிறுத்துவது மற்றொரு கயிறு. பாயின் பின்மூலையிலிருந்து ஓட்டுபவன் கைக்கு வருவது மூன்றாவது கயிறு. இதற்குத் தாமான் என்று பெயர். முதல் இரண்டும் கட்டப்பட வேண்டியவை. தாமானைச் சிறு படகில் கட்டிவைத்தல் ஆகாது. இழுத்தால் பாய் காற்றை ஏற்கும். விட்டால் காற்று பாயைக் கடந்து போய்விடும். குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ அப்படிப் படகுக்குத் தாமான். எத்தனை வேகமான காற்றிலும், தாமானை விட்ட அளவில் சிறு படகின் சீற்றம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

நீருக்குள் இருக்கும் உறுப்புகள் இரண்டு. பின்புறம் தொங்கும் பலகை சுக்கான். அதன் தலையில் பொருத்திய கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். இடப்புறம் தள்ளினால் வலப்புறம் திரும்பும். புதிதாகப் பழகுவோர் அனைவரும் தடுமாறும் இடம் இதுவே. மேலும், படகு ஓடும்போதுதான் சுக்கான் வேலை செய்யும். நின்ற படகைச் சுக்கானால் திருப்ப இயலாது. இரண்டாவது உறுப்பு, படகின் நடுவிலோ பக்கத்திலோ நீருக்குள் செங்குத்தாக இறக்கப்படும் பலகை. மேலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆதலின் இதன் அருமையும் தெரிவதில்லை. கட்டுமரத்திலும் இத்தகைய பலகை உண்டு. ஆழமில்லா இடத்தில் தூக்கிக்கொள்ளலாம்.

இப்பலகை எதற்கு? ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னே பாய்கிறது. படகின் நிலையும் ஏறத்தாழ அதுதான். பக்கவாட்டிலிருந்து வரும் காற்று பாயை ஒருபுறம் தள்ளுகிறது. நீருக்குள் நிற்கும் பலகை பக்கவாட்டில் நகர மறுக்கிறது. பக்கம் போக வழியற்ற படகு முன்னே செல்கிறது. பலகையைத் தூக்கிவிட்டால் அதே படகு நண்டைப்போல் பக்கவாட்டில் நழுவும். பின்னிருந்து காற்று வீசும்போது பாய் வெறும் காற்றடக்கும் துணிதான். பக்கத்திலிருந்து வீசும்போது அது பறவையின் சிறகைப்போல் வளைந்து நின்று படகை இழுக்கிறது.

காற்று எதிரே வந்தால் என் செய்வது? காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்மரப் படகும் செல்லாது. பாய் வெறுமனே படபடக்கும். ஆனால் காற்றுக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகை விலகி, செல்ல இயலும். முதலில் ஒரு பக்கம் சாய்ந்து சென்று, பின் திரும்பி மறுபக்கம் சாய்ந்து சென்று, மாறி மாறி வளைந்து காற்றின் முகத்தை நோக்கி முன்னேறலாம். திருப்பதியில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1944இல் திறந்த முதல் மலைச்சாலையும், 1974இல் திறந்த இரண்டாம் சாலையும் திருமலைக்கு நேராகவா ஏறுகின்றன? செங்குத்தை நேரே ஏற முடியாத வண்டி வளைந்து வளைந்து ஏறி உச்சியை அடைகிறது. படகும் அவ்வாறே எதிர்க்காற்றில் ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் ஒருபுறமிருந்து மறுபுறம் வீசி வரும். அப்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதே பயில்வோர் பெறும் முதல் எச்சரிக்கை. இத்தனை உறுப்புகளோடும் படகில் ஏறுவோர் மறவாமல் அணிய வேண்டிய மற்றொன்று மிதவைச் சட்டை. அன்று எங்கள் நால்வரில் எவரும் அதை அணியவில்லை. அது எங்கள் தவறு.

இனி, சொற்களைப் பற்றி ஒன்று. அன்று பையன் பாயைத் தெலுங்கில் "தெரசாப" என்றான். தெர என்பது திரை. சாப என்பது நாம் படுக்கும் பாய். தமிழிலும் படுக்கும் பாயும் படகின் பாயும் ஒரே சொல்லால் வழங்குவதை இதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. நார்ப்பாயை விரித்துக் காற்றைப் பிடித்த காலத்தின் சுவடு இரண்டு மொழிகளிலும் இன்றும் நிற்கிறது. நமது தெப்பம் அவர்களுக்குத் தெப்ப. நமது ஓடம் அவர்களுக்கு ஓட. நமது சுக்கான் அவர்களுக்குச் சுக்கானி. சுக்கான் அராபியரிடமிருந்து வந்தது. நங்கூரமும் தெலுங்கின் லங்கருவும் பாரசீகத்துச் சொல்லின் இரு வடிவங்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டுக்கும், சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் சென்றபோது நிலத்தில் கோடு கிழிக்கப்பட்டது. ஏரியின் நீரில் அக்கோட்டைப் படகோட்டிகள் கண்டதில்லை. வேற்று மாநிலத்தில் வாழும் நம் குழந்தைகளுக்கு வீட்டுத் தமிழ் ஒருபுறம், பள்ளிமொழி மற்றொருபுறம் என்று இரண்டும் ஒட்டாமற் போகின்றன என்ற கவலை நம்மில் பலருக்கு உண்டு. கையால் தொட்டு, கயிற்றால் இழுத்து, பெயர் சொல்லிக் கற்கும் பொருளில் அந்தக் கவலைக்கு இடம் குறைவு. ஒரே சுக்கானைத் தொட்டு இரண்டு மொழியிலும் பெயர் சொல்லும் குழந்தை எந்த மொழியையும் இழப்பதில்லை.

பாய்மரப் படகு பழங்கதையாகிவிட்டது என்று கருத வேண்டா. சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டு சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் தோன்றிய இராயல் மெட்ராஸ் யாட் கிளப் நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. உலகெங்கும் சிறுவர் முதலில் பயிலும் படகு ஆப்டிமிஸ்ட் என்பது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1947இல் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். நீளம் எட்டடிக்கும் குறைவு. எடை 35 கிலோ. பதினைந்து வயது வரையுள்ளோர் போட்டிகளில் தனியே ஓட்டுவர். அதிலும் இருப்பன நாம் மேலே சொன்ன உறுப்புகளே: உடல், பாய்மரம், பாய், தாமான், நடுப்பலகை, சுக்கான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். நம் சித்தூருக்கு அண்டை ஊரான வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் அதே ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 2023இல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். கடலற்ற ஊரில் பிறந்தவருக்குக் காற்று பகையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையோடு நிறைவு செய்கிறோம். உலர்ந்த தென்னம்பாளை ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கூரிய முனையே அணியம். நடுவில் ஈர்க்கைக் கட்டாகச் செருகினால் பாய்மரம். பழைய அஞ்சலட்டையை முக்கோணமாக வெட்டினால் பாய். பின்மூலையில் ஒரு நூல், அது தாமான். தொட்டி நீரில் விட்டு, விசிறியால் பக்கத்திலிருந்து வீசச் செய்யுங்கள். பாளை பக்கவாட்டில் நழுவிப் போகும். பிறகு அடியில் ஒரு தகட்டுத் துண்டைச் செங்குத்தாகச் செருகி மீண்டும் விடுங்கள். அது முன்னே ஓடக் காண்பீர்கள். ஏன் என்று குழந்தை கேட்கும். அப்போது ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். தெலுங்குப் பெயரையோ, நீங்கள் வாழும் ஊரின் மொழிப் பெயரையோ அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நூலை அதன் கையில் கொடுக்கும்போது, ஏரிக்கரைப் பையன் எங்கள் நண்பருக்குச் சொன்னதையும் மறவாமற் சொல்லுங்கள்.